பரங்கிமலைச் சங்கிலி: மனம் ஒன்றிய உழைப்பின் வரலாறு

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!



அல்லாஹ் தன் நபி தாவூத் (அலை) அவர்களுக்கு ஆட்சியைக் கொடுத்தான். ஸபூர் வேதத்தைக் கொடுத்தான். அவற்றுடன் ஒரு கைத்தொழிலையும் கற்றுக் கொடுத்தான். இரும்பை அவர்களுக்கு மென்மையாக்கிப் போர்க்கவசம் செய்யப் பணித்ததை 'ஸபஃ' அத்தியாயம் எடுத்துரைக்கிறது. கவசம் செய்யுமாறு பணித்ததோடு வசனம் நின்றுவிடவில்லை. அதன் கண்ணிகளை அளவு பிசகாமல் கோக்க வேண்டும் என்பதும் கட்டளையின் ஒரு பகுதியாக இருக்கிறது. நீங்கள் செய்வதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற எச்சரிக்கையும் அதே வசனத்தில் வருகிறது (34:11).

சிந்தித்துப் பாருங்கள். கவசத்தில் ஆயிரக்கணக்கான கண்ணிகள் இருக்கும். அவற்றுள் ஒன்று தளர்ந்திருந்தால் யாருக்குத் தெரியும்? அணிபவனுக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது. போர்க்களத்தில் ஓர் அம்பு அந்த இடத்தைத் தைக்கும்போதுதான் தெரியவரும். எவரும் எண்ணிப் பார்க்காத ஒரு கண்ணியிலும் மனத்தை முழுமையாக வைக்க வேண்டும் என்பதே ஒரு நபிக்குக் கற்பிக்கப்பட்ட தொழில் ஒழுக்கம்.

இந்த ஒழுக்கத்தின் பொருளை விளக்கும் ஒரு வரலாறு நம் செங்கல்பட்டு மண்ணிலேயே நடந்திருக்கிறது. அந்த வரலாற்றில் ஆற்காட்டைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் கைவினைஞருக்கும் பங்கு உண்டு. நம் பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயர் தெரியாது.

1802-ஆம் ஆண்டின் கோடை

செங்கல்பட்டுச் சீமை முன்னர் ஆற்காட்டு நவாபின் ஆளுகையில் இருந்தது. நவாப் முஹம்மத் அலீ வாலாஜா 1763-இல் இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். பரங்கிமலையும், அதன் தெற்கே பரந்து கிடந்த சமவெளியும் அந்தச் சீமையைச் சேர்ந்தவை. அச்சமவெளியில்தான் 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி ஒரு வேலையைத் தொடங்கினார். பரங்கிமலையருகே ஒரு முனை, தெற்கே பெரும்பாக்கம் குன்றருகே மறு முனை. இடைப்பட்ட ஏறத்தாழ ஏழரை மைல் தொலைவைப் பிழையின்றி அளக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நிலத்தை அளப்பதில் என்ன பெருமை என்று தோன்றலாம். முக்கோண அளவை என்னும் முறையில் ஒரு பக்கத்தின் நீளத்தை மட்டும் தரையில் அளந்தால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கினால் பெறலாம். அப்படிப் பெற்ற பக்கத்தின் மீது அடுத்த முக்கோணம். அதன் மீது மற்றொன்று. இவ்வாறு நாடு முழுவதையும் முக்கோணங்களால் மூடிவிடலாம். ஆனால் முதற்கோடு பிழையானால் அந்தப் பிழை முக்கோணத்திற்கு முக்கோணம் தொடர்ந்து செல்லும். ஆகவேதான் அந்த முதற்கோட்டை 'அடிக்கோடு' என்றனர்.

அளப்பதற்கு அவரிடம் நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்று இருந்தது. இரண்டரை அடி நீளமுள்ள நாற்பது கம்பிகளைக் கோத்துச் செய்யப்பட்டது அது. அதைத் தரையில் இழுத்துப் போட்டு அளக்கவில்லை. மரப்பெட்டிகளை முக்காலிகளின் மேல் நேர்கோட்டில் மட்டம் பார்த்து நிறுத்தி, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தினர். வெயில் படாமல் நிழல் அமைத்தனர். ஒவ்வொரு முறையும் வெப்பமானிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டனர். எஃகு வெப்பத்தில் நீளும் அல்லவா? ஒரு செல்சியஸ் பாகை வெப்பத்தைக் கணக்கில் விட்டுவிட்டால் அந்த ஏழரை மைலில் சுமார் 14 செண்டிமீட்டர் பிழை வந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் செங்கல்பட்டு வெயில் காலைக்கும் நண்பகலுக்கும் எத்தனை பாகை மாறும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நூறு அடிச் சங்கிலியை நானூறு முறை எடுத்து வைத்தனர். நானூறு முறையும் மட்டம் பார்த்தல், நேர் பார்த்தல், வெப்பம் குறித்தல். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது முறைக்கும் முதல் முறைக்குரிய அதே கவனம் வேண்டும். ஆர்வம் முதல் நாளுக்குப் போதும். எஞ்சிய நாள்களுக்குத் தேவைப்படுவது வேறொன்று; அதனை நம் மார்க்கம் 'அமானத்' என்று அழைக்கிறது.

கருங்குழிக் குன்றும் மாமல்லபுரத்துப் பாறையும்

அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் தெற்கு நோக்கி வளர்ந்தன. மதுராந்தகம் அருகேயுள்ள கருங்குழியும் லாம்டனின் அளவை நிலையங்களுள் ஒன்றாயிற்று. குன்றின் மேல் கருவியை நிறுத்தி, மைல்கள் பல கடந்த மற்றொரு குன்றின் கொடியையோ இரவில் ஏற்றிய விளக்கையோ நோக்க வேண்டும். மூடுபனி விலகும் வரை காத்திருக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள புள்ளியை நோக்கும்போது, கோணத்தில் ஒரு விநாடி அளவு பிசகினால் அங்கே சுமார் 24 செண்டிமீட்டர் விலகிவிடும். ஒரு விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு.

அதே கடற்கரையில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் பல்லவர் காலச் சிற்பிகள் மாமல்லபுரத்துப் பாறைகளைக் குடைந்தனர். அவர்கள் செதுக்கியவற்றின் நோக்கத்தில் தவ்ஹீதை ஏற்ற நமக்கு உடன்பாடில்லை. எனினும் அவர்களுடைய வேலைமுறை எவரும் கவனிக்கத்தக்கது. அங்கே முடிக்கப்படாமல் விடப்பட்ட குடைவரைகளைப் பார்ப்போர், பாறையின் முகத்தில் சதுரம் சதுரமாகக் கீறப்பட்ட கோடுகளைக் காணலாம். பாறையை மொத்தமாக உடைக்காமல், கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமாகப் பெயர்த்து உள்ளே சென்றிருக்கின்றனர். ஒற்றைக் கல் இரதங்களை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கின்றனர். மண்ணில் செய்பவன் தவறினால் மீண்டும் பிசைந்துகொள்ளலாம். பாறையில் தவறாகப் பெயர்த்த சில்லை மீண்டும் ஒட்ட முடியாது.

நம் வாழ்நாளும் அப்படிப்பட்டதே. கவனமின்றிக் கழிந்த ஒரு மணி நேரத்தை மீண்டும் ஒட்டிக்கொள்ள எவராலும் இயலாது.

உடைந்த கருவியும் ஆறு வாரங்களும்

லாம்டனிடம் கோணங்களை அளப்பதற்குத் 'தியோடலைட்' என்னும் பெருங்கருவி இருந்தது. இலண்டனில் செய்யப்பட்ட அதன் எடை ஏறத்தாழ அரை டன். 1808-இல் தஞ்சைப் பகுதி அளவையின்போது உயரமான கோயில் கோபுரம் ஒன்றின் மேல் அதனைக் கயிறு கட்டி ஏற்றினர். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. கோணங்கள் பொறிக்கப்பட்டிருந்த வட்டம் நெளிந்துபோயிற்று. புதிய கருவி இங்கிலாந்திலிருந்து வர வேண்டுமானால் ஆண்டுக்கணக்கில் ஆகும்.

லாம்டன் கூடாரத்திற்குள் சென்றார். தலைமைக் கைவினைஞர்கள் தவிர வேறு எவரையும் உள்ளே விடவில்லை. சரியான அளவில் ஒரு வட்டத்தைப் பலகையில் வரைந்து, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் நெளிந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். இதற்கு ஆறு வாரங்கள் பிடித்தன. ஏறத்தாழப் பழைய வடிவத்திற்குத் திரும்பிய அக்கருவி மீண்டும் வேலைக்குச் சென்றது. 1823-இல் மத்திய இந்தியாவின் ஹிங்கன்காட்டில் இறக்கும் வரை லாம்டன் அளந்துகொண்டே இருந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்பெனியார் நாட்டை அளந்தது நம்மீது கொண்ட அன்பினால் அன்று. வரி விதிக்கவும், படை நடத்தவும், ஆளவும் அவர்களுக்கு வரைபடம் தேவைப்பட்டது. கொடி பிடித்தவர்களும் சங்கிலி சுமந்தவர்களும் நம் நாட்டு மக்களே. காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பெயர் இல்லாத அந்தக் கைகளில் ஒன்றேனும் மட்டத்தைக் கவனமின்றி வைத்திருந்தால் முழு அளவையும் பாழாகியிருக்கும்.

ஆற்காட்டு சையித் மீர் முஹ்சின் ஹுசைன்

பெயர் நிலைத்த மிகச் சிலருள் ஒருவர் சையித் மீர் முஹ்சின் ஹுசைன். ஆற்காட்டைச் சேர்ந்தவர். சென்னையில் நகைப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர். அவருடைய கைத்திறனைக் கண்ட அளவைத் துறைத் தலைவர் பிளாக்கர் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். பிளாக்கர் 1826-இல் இறந்த பின்னர், 1830-இல் தலைமை அளவையராகப் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் தம்முடன் ஹென்றி பாரோ என்ற ஆங்கிலேயக் கருவி வல்லுநரையும் கொண்டுவந்தார். முஹ்சின் ஹுசைன் பாரோவின் கீழ்ப் பணியாற்றிக் கற்றார். 1839-இல் பாரோ விலகிய பின்னர் அந்த வேலை முஹ்சின் ஹுசைனின் கைக்கு வந்தது. 1840களில் கணிதக் கருவி வல்லுநர் என்ற பதவியும் அவருக்குக் கிடைத்தது.

அந்த வேலை எத்தகையது? கோணக் கருவியின் வட்டத்தில் 360 பாகைகள். ஒவ்வொரு பாகையையும் பன்னிரண்டாகப் பிரித்தால் 4,320 கோடுகள். ஒவ்வொரு கோடும் மயிரிழையினும் மெல்லியதாக, சம இடைவெளியில் விழ வேண்டும். இத்தகைய வட்டங்கள் பழுதானால் சீர்செய்ய வேண்டும். விண்மீன்களை நோக்குவதற்கென இங்கிலாந்திலிருந்து வந்த பெருங்கருவிகளில் குறை கண்டபோது, அவற்றைத் திருத்தி அமைத்தவர்களுள் முதன்மையானவர் முஹ்சின் ஹுசைன்தான். குமரிமுனையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை சென்ற நெடுங்கோட்டின் வடபகுதி அக்கருவிகளின் துணையுடன் முடிக்கப்பட்டது. எவரெஸ்ட் 1843-இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பியபின் எழுதிய நூலில் முஹ்சின் ஹுசைனின் அறிவுக் கூர்மையையும் கைத்திறனையும் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். உலகின் உயர்ந்த சிகரத்துக்கு அந்த அதிகாரியின் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய கருவிகளைச் செம்மை செய்த ஆற்காட்டு மனிதரை நாம் மறந்தோம்.

சகோதரர்களே! நகைப் பட்டறையில் கற்ற ஒரே வித்தை அவரைக் கைதூக்கிவிட்டது. அது கண்ணையும் கையையும் மனத்தையும் ஒரே புள்ளியில் நிறுத்தும் வித்தை. பொன்னில் அதைப் பழகியவர் பித்தளையிலும் எஃகிலும் அதையே செய்தார்.

முன்னோர் விட்டுச் சென்ற வழி

பூமியை அளக்கும் இவ்வேலை முஸ்லிம்களுக்குப் புதியதன்று. கலீஃபா மஃமூன் (ஆட்சி 813–833) காலத்தில் அறிஞர்கள் ஸிஞ்சார் சமவெளிக்குச் சென்றனர். துருவ விண்மீனின் உயரத்தை ஓரிடத்தில் குறித்துக்கொண்டு, முளையடித்துக் கயிறு பிடித்து நேர் வடக்கே நடந்தனர். விண்மீனின் உயரம் ஒரு பாகை மாறும் வரை அளந்தனர். ஒரு பாகைக்கு ஐம்பத்தாறும் மூன்றில் இரண்டும் அரபு மைல்கள் என்று அவர்கள் கண்ட முடிவு நூல்களில் பதிவாகியிருக்கிறது. பின்னர் அல்பிரூனி (ரஹ்), இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்து, அதன் உச்சியிலிருந்து தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதையும் அளந்து, அவ்விரண்டைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். முகலாயர் காலத்தில் லாகூரில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக 'அஸ்தர்லாப்' என்னும் விண்மீன் கருவிகளைச் செய்து வந்தது. அவற்றின் பித்தளைத் தகடுகளில் நுண்கோடு பொறித்தவர்களின் வழியில்தான் நம் ஆற்காட்டுக் கைவினைஞரும் வருகிறார்.

கவனம் எங்கிருந்து வருகிறது?

மனத்தை ஒன்றில் நிறுத்துவதற்கு நமக்கு அன்றாடம் ஐந்து வேளைப் பயிற்சி இருக்கிறது. வெற்றி பெற்ற முஃமின்களைப் பற்றிப் பேசும் அத்தியாயம், அவர்களுடைய முதல் அடையாளமாகத் தொழுகையில் உள்ளச்சத்துடன் ஒன்றியிருப்பதைக் கூறுகிறது (23:1,2). எந்த மனிதனின் நெஞ்சுக்குள்ளும் அல்லாஹ் இரண்டு இதயங்களை அமைக்கவில்லை என்ற கருத்து 'அல்அஹ்ஸாப்' அத்தியாயத்தில் வருகிறது (33:4). அவ்வசனம் வேறொரு சட்டத்தை விளக்க வந்தது என்றாலும், ஒரே நேரத்தில் இரண்டில் மனம் வைக்க முடியாது என்பதற்கும் அதில் படிப்பினை உண்டு.

நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி. பூவேலைப்பாடு உள்ள ஓர் ஆடையை அணிந்து தொழுதார்கள். அந்த வேலைப்பாடு தங்கள் கவனத்தை ஈர்த்துவிட்டதால், தொழுது முடித்ததும் அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடம் அனுப்பிவிட்டு, அவர்களிடமிருந்த வேலைப்பாடு இல்லாத ஆடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவான செய்தி. உலகிலேயே உறுதியான உள்ளம் படைத்த மாமனிதர்கூட, கவனம் சிதறாமல் இருக்க மனவலிமையை மட்டும் நம்பியிருக்கவில்லை. சிதறடிக்கும் பொருளையே கண்ணுக்கெட்டாமல் அப்புறப்படுத்தினார்கள். லாம்டன் கூடாரத்தை மூடியதும் இதே விதிப்படிதான்.

இன்று நம் கைகளில் இருக்கும் கைப்பேசி, அந்த ஆடையைவிட எத்தனை மடங்கு வேலைப்பாடு உடையது! தொழுகை விரிப்பின் அருகில் அது ஒளிர்கிறது. பாடப் புத்தகத்தின் மேல் அது கிடக்கிறது. தையல் எந்திரத்தின் அருகிலும், கல்லாப் பெட்டியின் அருகிலும், சமையல் மேடையின் மீதும் அது அழைத்துக்கொண்டே இருக்கிறது. பிள்ளைக்கு அறிவு குறைவு என்று நாம் வருந்துகிறோம். பல வீடுகளில் அறிவு குறையவில்லை. அந்த அறிவு ஓரிடத்தில் தங்குவதற்கு அரை மணி நேரம் கிடைப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, நிய்யத். அல்லாஹ் மரணத்தையும் வாழ்வையும் படைத்தது, நம்மில் யார் செயலால் அழகானவர் என்று சோதிப்பதற்காகவே (67:2). எவர் அதிகம் செய்தார் என்பதை அவ்வசனம் கேட்கவில்லை என்பதை மார்க்க அறிஞர்கள் சுட்டிக்காட்டுவர். அல்லாஹ்வைப் பார்ப்பது போல் வணங்க வேண்டும், நாம் அவனைப் பார்க்காவிட்டாலும் அவன் நம்மைப் பார்க்கிறான் என்பதே 'இஹ்ஸான்' என்று நபி (ஸல்) அவர்கள் ஜிப்ரீல் (அலை) அவர்களிடம் விளக்கினார்கள். தாவூத் (அலை) அவர்களின் கண்ணிகளைப் பற்றிய வசனமும் அதே பார்வையை நினைவூட்டியே முடிகிறது. தொழுகையில் நாம் கற்கும் இஹ்ஸான் தொழிலுக்கும் வந்து சேர வேண்டும்.

இரண்டாவது, நேரம். தம் உம்மத்தின் அதிகாலையில் பரக்கத் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். அந்த ஹதீஸை அறிவித்த ஸக்ர் (ரலி) என்ற வணிகத் தோழர், தம் சரக்குகளைக் காலையிலேயே அனுப்பி வைத்துச் செல்வம் பெருகக் கண்டார். ஃபஜ்ருக்குப் பிந்திய ஒரு மணி நேரத்தையேனும் கைப்பேசி இல்லாத நேரமாக வீட்டில் எல்லோரும் வைத்துக்கொள்வோம். பிள்ளை பாடம் படிக்கட்டும். தாய் குர்ஆன் ஓதட்டும். தந்தை தம் தொழிலுக்குரிய ஒன்றைக் கற்கட்டும். தந்தை கைப்பேசியை வைக்காத வீட்டில் மகன் வைக்கமாட்டான்.

மூன்றாவது, கைத்தொழிலுக்கு மதிப்பு. தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னார்கள். பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் கோரையை மயிரிழை போல் கிழித்துப் பட்டுப் போன்ற பாய் நெய்கிறார்கள். கடிகாரம் பழுது பார்ப்பவரும், தோல் தைப்பவரும், நகைக்குப் பொடி வைத்து ஊதுபவரும் நம்மிடையே இருக்கிறார்கள். படிப்பு வராதவனுக்குத்தான் இவை என்று சொல்லி நம் பிள்ளைகளின் முன்னால் அவர்களைச் சிறுமைப்படுத்தாதிருப்போம். நகைப் பட்டறையிலிருந்து சென்றவர்தான் இந்திய அளவைத் துறையின் கருவிகளுக்குப் பொறுப்பேற்றார்.

நான்காவது, எல்லை. வேலையில் மூழ்கித் தொழுகையைத் தவறவிடுபவன், அடிக்கோட்டைத் தவறாக அளந்துவிட்டு அதன் மேல் அழகிய முக்கோணங்களை வரைபவனுக்கு ஒப்பானவன். முதற்கோடு சரியாக இருந்தால்தான் மற்றவை சரியாகும். பாங்கு ஒலித்ததும் உளியையும் ஊசியையும் கீழே வைக்கத் தெரிந்தவனே, தொழுது திரும்பி வந்து அவற்றை முழு மனத்துடன் மீண்டும் கையிலெடுப்பான்.

இத்தகைய உழைப்பினால் கிடைப்பது என்ன என்று கேட்கலாம். கூலி சில வேளை குறைவாகக் கிடைக்கும். புகழ் கிடைக்காமலே போகலாம். முஹ்சின் ஹுசைனின் பெயரில் எந்தச் சிகரமும் இல்லை. ஆயினும் ஒரு வேலையை முழு மனத்துடன் செய்து முடித்த மாலையில் உள்ளத்தில் ஓர் அமைதி இறங்குவதை உழைத்த ஒவ்வொருவரும் அறிவர். நூறு காட்சிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக் கழித்த இரவில் அந்த அமைதி வருவதில்லை. செயலை அழகாகச் செய்தவரின் கூலியை வீணாக்கமாட்டோம் என்று வாக்களித்தவன் அல்லாஹ் (18:30). இவ்வுலகில் வரும் அந்த அமைதி, அவன் தரவிருக்கும் கூலியின் முன்பணம் என்றே நாம் நம்புவோம்.

யா அல்லாஹ்! எங்கள் தொழுகையில் உள்ளச்சத்தையும், எங்கள் தொழிலில் நேர்த்தியையும், எங்கள் நேரத்தில் பரக்கத்தையும் தந்தருள்வாயாக! எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களைச் சிதறாமல் காத்து, பயனுள்ள கல்வியிலும் ஹலாலான உழைப்பிலும் அவற்றை ஒன்றச் செய்வாயாக! எவரும் காணாத கண்ணியையும் சரியாகக் கோக்கும் நல்லடியார்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.